பட்டியலில் யார் பெயர்?

64,623 யூரோ 65 சென்ட். 6,110 யூரோ 11 சென்ட்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் ஒரு கூட்டுப் பண்ணைக்கும் ஒரு தனி விவசாயிக்கும் 2008ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதிக்கப்பட்ட வேளாண் மானியத் தொகைகள் இவை. இந்தத் தகவலை ஊருக்கெல்லாம் தெரியும்படி இணையத்தில் போடக்கூடாது என்றுதான் அவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2010 நவம்பர் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில் அவர்களுடைய தொகை சென்ட் கணக்கு வரை பதிவாகிவிட்டது. வழக்கின் தலைப்பே அவர்கள் பெயர்தான். இரண்டு ஆண்டுகளில் இணையத்திலிருந்து நீக்கப்பட வேண்டிய ஒரு தகவல், சட்டக்கல்லூரிப் பாடத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் கேட்டது அதைத்தானே.

நான் சட்டம் படித்தவனில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன். வேலையிடத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புப் பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தீர்ப்பு கண்ணில் பட்டது. மாடு மேய்ப்பவருக்கும் கோதுமை விதைப்பவருக்கும் தரவுப் பாதுகாப்போடு என்ன சம்பந்தம் என்று உள்ளே போனேன். வெளியே வர ரொம்ப நாளானது. ஏனென்றால் இது ஒரு வழக்கின் கதை மட்டும் இல்லை. ஓர் அரசாங்கம் எப்போது பட்டியல் போடத் தொடங்குகிறது, அந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற கதை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

1957இல் ரோம் ஒப்பந்தத்தில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. போர்க்காலப் பசியை நேரில் பார்த்த தலைமுறை அது. பொது வேளாண் கொள்கை ஒன்று வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். விளைச்சல் பெருக வேண்டும், விவசாயிக்கு நியாயமான வாழ்க்கைத்தரம் கிடைக்க வேண்டும், மக்களுக்கு உணவு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்பவை அதன் நோக்கங்களில் சில. 1962இல் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

அப்போது கையாண்ட வழி, விலையைப் பிடித்து வைப்பது. கோதுமைக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் உலகச் சந்தையைவிட உயர்ந்த ஒரு விலையை ஐரோப்பாவுக்குள் நிர்ணயிப்பார்கள். வெளியிலிருந்து மலிவாக வருவதை வரி போட்டுத் தடுப்பார்கள். உள்ளே விலை சரிந்தால் அரசே வாங்கிக் கிடங்கில் அடுக்கும். மிஞ்சியதை வெளிநாட்டுக்கு விற்கும் வணிகருக்கு, உள்விலைக்கும் உலக விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுக்கும். விளைவு என்ன? 1980களில் கிடங்குகளில் 10 லட்சம் டன்னுக்கு மேல் வெண்ணெய் தேங்கியது. 'வெண்ணெய் மலை', 'ஒயின் ஏரி' என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சமூகத்தின் பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்துக்கே போனது.

இந்தப் பணம் யாருக்குப் போனது? இந்தக் கேள்விக்கு அன்றைக்கு ஒரு பட்டியலைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. மானியம் விலைக்குள்ளே கரைந்திருந்தது. ரொட்டி வாங்கிய ஒவ்வொருவரும் கொஞ்சம் கொடுத்தார்கள், கோதுமை விற்ற ஒவ்வொருவரும் கொஞ்சம் வாங்கினார்கள். நிறைய விற்றவன் நிறைய வாங்கினான். பெயர், முகவரி எதுவும் தேவைப்படவில்லை.

1992இல் அது மாறியது. அயர்லாந்துக்காரரான ரே மெக்ஷாரி அப்போது வேளாண் ஆணையர். தானியத்தின் ஆதரவு விலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இழப்புக்கு ஈடாக விவசாயிக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எக்டருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. 2003இல் அடுத்த சீர்திருத்தம் வந்து, பணத்துக்கும் விளைச்சலுக்கும் இருந்த தொடர்பைப் பெருமளவு துண்டித்தது.

என்னைப் போன்றவனுக்கு இதில் முக்கியமான செய்தி வேறு. நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் விண்ணப்பம் வேண்டும். யார், எந்த நிலம், எத்தனை எக்டர், என்ன பயிர், எத்தனை மாடு, எந்த வங்கிக் கணக்கு என்று கேட்க வேண்டும். அதனால் 1992ஆம் ஆண்டுச் சட்டமே ஒவ்வோர் உறுப்பு நாடும் இதற்கென்று ஒரு கணினித் தரவுத்தளம் வைத்திருக்க வேண்டும் என்றது. மேலிருந்து எடுத்த நிலப்படங்களோடு விண்ணப்பங்களை ஒப்பிட்டார்கள். அதுவரை விலைக்குள் ஒளிந்திருந்த பணத்துக்கு முதன்முறையாக ஒரு பெயர்ப் பத்தி கிடைத்தது.

பெயர்ப் பத்தி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்க்கக் கேட்பார்தானே?

கேட்டார்கள். டென்மார்க்கில் பத்திரிகையாளர்கள் தகவல் பெறும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடாமல் கேட்டு, 2004இல் பெறுநர் பட்டியலை வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் நில்ஸ் முல்வாத். பிரிட்டனில் தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மார்ச் மாதமே இங்கிலாந்தின் பட்டியல் வெளிவந்துவிட்டது.

பட்டியலில் யார் இருந்தார்கள் தெரியுமா? எலிசபெத் அரசியாரின் சாண்ட்ரிங்ஹாம் பண்ணை, ஓராண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டு. நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் பண்ணைகளும் இருந்தன. எல்லோரையும்விட மேலே இருந்தது விவசாயியே இல்லை. டேட் அண்ட் லைல் என்ற சர்க்கரை நிறுவனம், 10 கோடி பவுண்டுக்கு மேல். சர்க்கரையை ஏற்றுமதி செய்தால் விலை வித்தியாசம் கிடைக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கு. நெதர்லாந்தில் பட்டியல் வெளிவந்தபோது வேளாண் அமைச்சராக இருந்தவரே ஒரு பெறுநர்.

இதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லாமே சட்டப்படி நடந்தது. நிலத்தின் அளவுக்குப் பணம் என்று சட்டம் எழுதினால், பெரிய நிலம் வைத்திருப்பவருக்குப் பெரிய தொகை போகும். இதை ஒரு பள்ளி மாணவனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான். ஐந்தில் ஒரு பங்கு பெறுநர்களுக்கு ஐந்தில் நான்கு பங்கு நேரடி மானியம் போகிறது என்பதும் ஐரோப்பிய ஆணையத்தின் புள்ளிவிவரங்களிலேயே தெரிந்ததுதான். அப்படியிருந்தும் சதவீதமாகச் சொன்னபோது யாருக்கும் உறைக்காதது, பெயராகச் சொன்னபோது உறைத்தது. அதுவரை இந்தக் கொள்கையைக் காப்பாற்ற நின்றவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் காட்டினார்கள்: மலைச்சரிவு, நாலு மாடு, ஒரு வயதான விவசாயி. பட்டியல் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அரண்மனையையும் சர்க்கரை ஆலையையும் கொண்டுவந்து வைத்தது. பட்டியலின் வேலை திருடனைப் பிடிப்பது என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். சட்டம் உண்மையில் யாருக்காக வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் அதைவிடப் பெரிய வேலை.

2005இல் ஜாக் தர்ஸ்டன் என்ற பிரிட்டிஷ்காரர், டென்மார்க்கின் நில்ஸ் முல்வாத், பிரிகிட்டே ஆல்ஃப்டர் ஆகியோர் சேர்ந்து எல்லா நாடுகளின் பட்டியல்களையும் ஒரே இடத்தில் திரட்டும் வேலையைத் தொடங்கினார்கள். இது எவ்வளவு சள்ளையான வேலை என்று தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மொழியில், ஒவ்வொரு வடிவத்தில் கொடுக்கும். கொடுக்கவே மாட்டேன் என்ற நாடுகளும் உண்டு. அதே காலத்தில் எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆணையர் சீம் கல்லாஸ் ஐரோப்பிய அளவிலான வெளிப்படைத்தன்மை முயற்சி ஒன்றை முன்னெடுத்தார். 2007, 2008இல் சட்டம் வந்தது: எல்லா நாடுகளும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் பெறுநரின் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு இருந்தால் அது, தொகை ஆகியவற்றை இணையத்தில் வெளியிட வேண்டும். இரண்டு ஆண்டுகள் அந்தத் தகவல் அங்கே இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இதற்குக் கடும் எதிர்ப்பு. பவேரியா மாநிலம் 2009இல் வெளியிட மறுத்து, ஆணையம் நடவடிக்கை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் இறங்கி வந்தது. இந்தச் சூழலில்தான் ஹெஸ்ஸே விவசாயிகளின் வழக்கு.

அவர்கள் பக்கம் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐம்பது வீடுள்ள கிராமம். பெயரும் ஊரும் தொகையும் இணையத்தில். பல விவசாயக் குடும்பங்களுக்கு மானியம் வருமானத்தின் பெரும்பகுதி. அதைத் தெரிந்துகொண்டால் அந்த வீட்டின் பொருளாதாரத்தையே கிட்டத்தட்ட தெரிந்துகொண்ட மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர், நிலத்தை விலை பேசுகிறவர், சம்பந்தம் பேச வருகிறவர், யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். சம்பளம் வாங்கும் என்னைப் பற்றி இப்படி ஒரு பட்டியல் இல்லையே.

நீதிமன்றம் இதைக் கேட்டது. வரி கட்டுகிறவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று அறியும் உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை. வெளிப்படைத்தன்மை நியாயமான நோக்கம்தான் என்றது. ஆனால் தனிநபர் தரவுப் பாதுகாப்பைவிட அது தானாகவே மேலானது ஆகிவிடாது என்றது. எல்லோருடைய பெயரையும் ஒரே மாதிரி போடுவதற்கு முன், எவ்வளவு தொகை, எத்தனை காலம், எத்தனை முறை, என்ன வகை உதவி என்று பிரித்துப் பார்த்து, குறைவாகப் பாதிக்கும் வழி ஏதாவது உண்டா என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை என்றது. ஆகவே தனிமனிதர்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லாது. நிறுவனங்களைப் பொறுத்தவரை செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனம் சட்ட வலிமை பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அதை வைத்து ஒன்றியத்தின் சொந்தச் சட்டத்தையே வெட்டிய முதல் தீர்ப்புகளில் இது ஒன்று.

தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதன் விளைவு பிடிக்கவில்லை. புதிய சட்டம் வரும்வரை தனிமனிதர்களின் பெயர்கள் மொத்தமாக மறைந்தன. நாலு மாட்டுக்காரர் மறைந்தார், சரி. சொந்தப் பெயரில் ஆயிரம் எக்டர் வைத்திருந்த நிலப்பிரபுவும் அவரோடு சேர்ந்து மறைந்தார். எளியவரின் கூச்சத்துக்காகப் போட்ட திரைக்குப் பின்னால் வலியவர் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தபோது இதை மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது, ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. மாதம் 200 ரிங்கிட் டீசல் உதவித்தொகை வருகிறது. "உங்க பேரையும் தொகையையும் இணையத்துல போட்டா சம்மதமா மாமா?" என்று கேட்டேன்.

"போடட்டுமேடா. நான் என்ன திருடியா வாங்கறேன்? ஆனா பெரிய கம்பெனிங்க எவ்ளோ வாங்குதுன்னும் சேர்த்துப் போடச் சொல்லு."

அத்தை அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "உங்களுக்கென்ன, பேசுவீங்க. நாளைக்கு வாசல்ல வந்து கடன் கேக்கறவன் என்கிட்டதான் வந்து நிப்பான்."

ஐரோப்பாவில் இருபது ஆண்டு நடந்த விவாதம் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்து ஒரு விதி எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

2013இல் ஐரோப்பா அப்படி ஒன்றை எழுதிப் பார்த்தது. தனிமனிதர், நிறுவனம் என்று பிரிக்காமல் எல்லாப் பெறுநர்களின் பெயரும் மறுபடி வெளிவரும். ஆனால் மிகச் சிறிய தொகை பெறுகிறவர்களுக்கு விலக்கு. சிறு விவசாயிகள் திட்டத்தில் உச்சவரம்பு 1,250 யூரோ. அந்த அளவுக்குள் இருப்பவர்களின் பெயர் வராது, குறியீடு மட்டும் வரும். எதற்காக இந்தப் பணம் என்ற விவரமும் கூடவே இருக்கும். 2015 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டு விதி மட்டும் அப்படியே தொடர்ந்தது.

இந்த இரண்டு ஆண்டு விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தையின் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல விதி. பழைய கதை என்றென்றும் துரத்தக்கூடாது. வரலாறு எழுதுகிறவரின் பக்கம் நின்றால் மோசமான விதி. ஒரு குடும்பமோ குழுமமோ பத்து ஆண்டில் எப்படி வளர்ந்தது என்று பார்க்கப் பத்து ஆண்டுப் பட்டியல் வேண்டும். பழைய பட்டியல்களைத் தரவிறக்கிச் சேமித்து வைத்த தன்னார்வலர்கள் இல்லையென்றால் அந்த வரலாறு இன்று எழுதவே முடியாது.

பெயர் வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பட்டியலில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் யாருடையது? 2018 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவில் யான் குச்சியாக் என்ற 27 வயதுப் பத்திரிகையாளரும் அவர் மணக்கவிருந்த மார்ட்டினா குஷ்நீரோவாவும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் முடிக்காமல் விட்ட கடைசிக் கட்டுரை, கிழக்கு ஸ்லோவாக்கியாவில் இத்தாலியக் குற்றக்குழுக்களோடு தொடர்புடையவர்களின் நிறுவனங்கள் ஐரோப்பிய வேளாண் மானியத்தைப் பெறுவது பற்றியது. அந்தக் கட்டுரைக்காகத்தான் கொலை என்று சொல்ல முடியாது, வழக்கு வேறு திசையில் போனது. ஆனால் கட்டுரை அவர் இறந்த பிறகு வெளியாகி, மக்கள் தெருவில் இறங்கி, மார்ச் மாதம் பிரதமர் ராபர்ட் ஃபீட்சோ பதவி விலகினார். குச்சியாக் இறந்தபோது இருந்த வயதை நான் இப்போதுதான் கடந்திருக்கிறேன். அவர் செய்தது பெரும்பாலும் நான் வேலையில் தினமும் செய்வதுதான். ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு பொருத்திப் பார்ப்பது.

2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ், மத்திய ஐரோப்பாவில் அதிகாரத்தில் இருப்பவர்களும் அவர்களுக்கு நெருக்கமானவர்களும் இந்த மானியத்தால் எப்படி வளர்ந்தார்கள் என்று நீண்ட விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. 2021இல் வந்த ஐரோப்பியச் சட்டம், பணம் பெறும் நிறுவனம் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தது என்ற விவரத்தையும் கேட்டு வாங்கச் சொல்கிறது. முதல் பட்டியல் வெளிவந்து அதற்குள் பதினேழு ஆண்டு.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. அதுவரை மானியம் விலைக்குள் கரைந்திருந்தது. எண்ணெய் நிலையத்துக்கு வந்த எல்லோருக்கும் கிடைத்தது. நிறைய ஊற்றியவனுக்கு நிறைய. அன்றிலிருந்து விலை ஏறியது, தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் நேராக வங்கிக் கணக்குக்குப் போனது. 1992இல் ஐரோப்பா தானியத்தில் செய்ததை நாம் டீசலில் செய்தோம். அப்படியென்றால் நம்மிடமும் இப்போது ஒரு பெயர்ப் பத்தி இருக்கிறது. மானியங்களைக் குறிவைத்துக் கொடுக்கும் போக்கு தொடரத் தொடர, இப்படிப்பட்ட பத்திகள் கூடிக்கொண்டே போகும்.

அதை யார் பார்க்கலாம்? நம்முடைய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தத் தீர்ப்பும் ஒரே ஆண்டு, 2010. ஆனால் நம் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. இன்னொரு பக்கம் 1972இன் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம். சிலாங்கூருக்கும் பினாங்குக்கும் தகவல் பெறும் மாநிலச் சட்டங்கள் உண்டு. இந்தியாவில் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று நான்காம் பிரிவிலேயே சொல்கிறது. பட்டியல் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2020இல் தமிழ்நாட்டில் பிரதமரின் விவசாயி நிதித் திட்டத்துக்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் நுழைந்து, 110 கோடி ரூபாய் போனதாக மாநில அரசே அறிவித்தது. பட்டியலைப் படிக்க ஆளும் வேண்டும்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு இங்கே ஒரு விதி எழுதச் சொன்னால் மூன்று வரி எழுதுவேன். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வாங்குகிறவரின் பெயர் வேண்டாம், ஊரும் எண்ணிக்கையும் போதும். அதற்கு மேலே வாங்குகிறவர் மனிதரோ நிறுவனமோ பெயர் வர வேண்டும், நிறுவனம் என்றால் அதன் சொந்தக்காரர் யார் என்பதும் வர வேண்டும். பெரிய தொகைகளின் பட்டியலை இரண்டு ஆண்டில் அழிக்கக்கூடாது. அந்தக் கோட்டை எத்தனை ரிங்கிட்டில் போடுவது என்பதைத்தான் நாம் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். கோட்டை எங்கே போட்டாலும் மாமாவின் 200 ரிங்கிட் அதற்குக் கீழேதான் இருக்கும். அவர் பார்க்கக் கேட்ட பெயர்கள் மேலே இருக்கும்.